அக்கா பதில்கள்: மெல்லப் போனால் போய்ச் சேரலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் கேள்விகளையும் பிரித்து வைத்தபோது முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நின்றன. "கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறேன் அக்கா, இது போதுமா?" ஆகவே மாமியார், மேல்மாடித் தண்ணீர்க் கசிவு, பூனை எல்லாம் அடுத்த மாதத்துக்கு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மனநல ஆலோசகர் இல்லை. மண் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலத்தின் அடியில் இருக்கும் களிமண்ணோடு பாதி ஆயுள் போயிற்று. மனிதர்களைப் பற்றிக் கேட்டாலும் என் பதில் சுற்றி வளைத்து அந்தக் களிமண்ணுக்குத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எனக்கு 41 வயது. ஓ லெவலுக்குப் பிறகு வேலைக்கு வந்துவிட்டேன். பல வருடம் கழித்து டிப்ளோமா முடித்தேன். இப்போது சரக்குக் கப்பல் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடமாகப் பகுதிநேரப் பட்டப்படிப்பு படிக்கிறேன். வேலை, இரண்டு பிள்ளைகள், மாமனாரின் டயாலிசிஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம்தான் எடுக்க முடிகிறது. கூட வேலை செய்கிற பெண், "நீ பட்டம் வாங்கும்போது உன் மகளும் சேர்ந்து வாங்கிடுவா" என்று சிரிக்கிறாள். அம்மாவோ, "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்கிறார். யார் சொல்வது சரி?
— பொங்கோல் வாசகி

அம்மா சொல்வதுதான் முக்கால்வாசி சரி. ஆனால் அந்தப் பழமொழி ஏன் பலிக்கிறது என்று பாருங்கள். ஓரடி நகர்ந்த அம்மி ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. அதனால்தான் மறுநாள் அடிக்கிற அடிக்குப் பலன். உங்கள் படிப்பும் அந்த வகை. தேறிய பாடம் தேறியதுதான், அதற்கான கிரெடிட் உங்கள் பெயரில் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு பருவம் மாமனாருக்கு முடியாமல் போய் நீங்கள் எதுவும் எடுக்காவிட்டாலும் அது கரைவதில்லை.

மீதிக் கால்வாசிக்கு ஒரு தாளும் பேனாவும் வேண்டும். பகுதிநேரப் பட்டப்படிப்புகளுக்கு "இத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்" என்று ஒரு மேல்வரம்பு உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் அது எங்கேயாவது சிறிய எழுத்தில் இருக்கும், தேடுங்கள். மிச்சமிருக்கும் பாடங்களை மிச்சமிருக்கும் பருவங்களால் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் சிரிக்கிற பெண்ணுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு இப்படியே போங்கள். ஒன்றரை, இரண்டு என்று வந்தால் இந்த வேகத்தில் பட்டம் கிடைக்காது. எவ்வளவு விடாமுயற்சி இருந்தாலும் கிடைக்காது. இந்த வகுத்தலைப் போடாமல் "நான் மெதுவாகப் போகிறேனோ" என்று கவலைப்படுவது வீண்.

இனி களிமண்.

1960களில் சிங்கப்பூரின் பரப்பளவு ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டர். இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் 1966-இல் தொடங்கிய வேலை, மரினா, சாங்கி, துவாஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. மணலைக் கொட்டிச் சமப்படுத்திவிட்டால் நிலம் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். அடியில் இருப்பது கை வைத்தால் உள்ளே போகிற கடல் களிமண். பருமனில் பார்த்தால் அதில் மண்ணைவிடத் தண்ணீர்தான் அதிகம். மேலே மணல் ஏறியதும் அந்தத் தண்ணீர் கசிந்து கசிந்து வெளியேற வேண்டும். அது போகப் போக நிலம் அமுங்கும். அமுங்கி முடிவதற்குள் கட்டடம் எழுப்பினால் சுவர் வெடிக்கும்.

எவ்வளவு அமுங்கும், எத்தனை நாளில் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் கூடத்து வேலை. எஃகு வளையத்துக்குள் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு களிமண் வில்லை. அதன்மேல் எடை வைப்போம். 24 மணி நேரம் கழித்து முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறிப்போம். எடையை இரட்டிப்பாக்கிவிட்டு இன்னொரு 24 மணி நேரம். அப்புறம் மறுபடி இரட்டிப்பு. பொறியாளர்கள் போன் போட்டு, "இன்னும் ரிசல்ட் வரலையா?" என்று கத்துவார்கள். கத்தினால் களிமண்ணுக்குக் காது கேட்குமா? வேலையிடத்திலும் அதே கதைதான். அவசரப்பட்டு ஒரேயடியாக மணலைக் குவித்தால் களிமண் அமுங்குவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் பிதுங்கிச் சரிந்துவிடும்.

ஆனால் அதற்காகக் கைகட்டிக் காத்திருக்கவும் இல்லை. கார்ல் டெர்சாகி என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1925-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீர் வெளியேற ஆகும் நேரம், அது கடந்து போக வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசி. தூரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் நேரம் நூறில் ஒன்று. சாங்கியில் களிமண்ணுக்குள் பட்டையான வடிகால்களை நெருக்க நெருக்கமாகச் செங்குத்தாக இறக்கினார்கள். பல மீட்டர் மேலே ஏறி வர வேண்டிய தண்ணீர், ஒரு மீட்டர்கூடப் பக்கவாட்டில் போகாமல் வடிகாலைப் பிடித்துக்கொண்டது. பல பத்தாண்டு இழுத்திருக்க வேண்டிய அமுக்கம் ஓரிரு ஆண்டுக் கணக்குக்கு வந்தது.

உங்கள் கடிதத்தை அந்தக் கண்ணோடு படித்தேன். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். போக வர, முன்னே பின்னே காத்திருக்க இன்னும் கொஞ்சம். மாமனாரை நீங்கள்தான் கூட்டிப் போகிறீர்களா? அப்படியானால் வாரத்தில் உங்கள் பெரிய நேரம் அங்கேதான் இருக்கிறது. பாடக் குறிப்புகளை அங்கே கொண்டுபோய் உட்காருங்கள். குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். இன்னொன்றும் கவனித்தேன். கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், உங்கள் கணவர் எந்த வரியிலும் இல்லை. வாரத்தில் ஒரு டயாலிசிஸ் அவருடையதாக இருக்கட்டும். அவருடைய அப்பாதானே?

காசு விஷயம் சுருக்கமாக. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன்பயிற்சிக் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டார்கள். எல்லாப் படிப்புக்கும் அதைப் பயன்படுத்த முடியாது, உங்கள் படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்ந்தெடுத்த முழுநேரப் பயிற்சிகளுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் 2025-இல் வந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வரும். உங்கள் வீட்டு நிலவரத்தில் நானாக இருந்தால் விடமாட்டேன். வருடத்தில் ஒரே ஒரு பருவம், ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு பாடம் எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், அம்மாவும் மகளும் ஒரே வருடம் பட்டம் வாங்குவதைத் தோழி கேலி என்று நினைக்கிறாள். இரண்டு அங்கிக்கும் சேர்த்து ஒரே புகைப்படக்காரர் போதும், எவ்வளவு மிச்சம்!

தினமும் ஒரு விழுக்காடு முன்னேறினால் ஒரே வருடத்தில் 37 மடங்கு ஆகிவிடுவோம் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?
— அங் மோ கியோ வாசகர்

கணக்கு உண்மை. 1.01-ஐ 365 முறை பெருக்கினால் 37.78 வரும், நானும் போட்டுப் பார்த்தேன். படத்தை அனுப்பியவரிடம் ஓடச் சொல்லுங்கள். நூறு மீட்டரை 15 விநாடியில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு விழுக்காடு நேரத்தைக் குறைத்தால் 45-ஆவது நாள் உசைன் போல்ட்டின் 9.58 விநாடியைத் தாண்டிவிடுவார். 69-ஆவது நாள் ஏழரை விநாடி. வருடக் கடைசியில் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்.

கூட்டுவட்டி பணத்துக்கு உண்டு. மத்திய சேமநிதிச் சிறப்புக் கணக்கில் குறைந்தது 4 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு. போட்ட பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய 18 ஆண்டு. நாளுக்கு ஒரு விழுக்காடு கூட்டுவட்டி வேண்டுமென்றால் ஆலோங்கிடம்தான், அதாவது சட்டவிரோத வட்டிக்காரரிடம்தான், போக வேண்டும். அதுவும் அவருக்குத்தான் லாபம்.

மனித முன்னேற்றம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் நம்மூர் சாந்தி பெரேராவின் 200 மீட்டர் நேரங்களைத் தாளில் குறியுங்கள். ஓட்டப்பந்தயம் எனக்குத் தெரியாது, வரைபடம் படிக்கத் தெரியும். 2015-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 23.60 விநாடி, தங்கம். 2022-இல் ஹனோயில் 23.52, மறுபடி தங்கம். நடுவில் ஏழு ஆண்டு, அந்த இரண்டு தங்கத்துக்கும் வித்தியாசம் ஒரு விநாடியில் நூறில் எட்டுப் பங்கு. அடுத்த ஆண்டு மே மாதம் புனோம் பென்னில் 22.69. ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 22.57. ஏழு ஆண்டில் குறைந்ததைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஒன்றேகால் ஆண்டில் குறைந்திருக்கிறது. அதே ஆண்டு ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் தங்கம். 1974-க்குப் பிறகு திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு அங்கே கிடைத்த முதல் தங்கம்.

2019-இல் யாராவது இந்தக் கோட்டைப் பார்த்திருந்தால் "இந்தப் பெண் நின்றுவிட்டாள்" என்றுதான் எழுதியிருப்பார்கள். படுத்துக்கிடக்கிற கோடு எல்லாம் ஒருநாள் எழுந்துவிடும் என்று இதைப் படித்துவிட்டு நினைக்காதீர்கள். பலருடையது படுத்தே கிடக்கும். ஒரே மாதிரிப் பயிற்சி, ஒரே மாதிரித் தவறு என்று வருடக்கணக்காகப் போகிற கோடு எழுந்து நான் பார்த்ததில்லை. கோடு நகரவில்லையென்றால் இந்த ஆறு மாதத்தில் எதை மாற்றினேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதையும் மாற்றவில்லை என்றால் அதற்குப் பெயர் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகன் தொடக்கநிலை 6. வருட ஆரம்பத்தில் கணிதத்தில் 52 வாங்கினான். பிறகு 58. இப்போது பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் 61. "ஸ்டெடியாக ஏறுகிறான்" என்று டியூஷன் ஆசிரியர் சொல்கிறார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ சில வாரத்தில். இந்த வேகம் போதுமா? மனைவி இரண்டாவது டியூஷன் வைக்கச் சொல்கிறார்.
— சுவா சூ காங் வாசகர்

ஐயா, மகன் ஒன்பது மதிப்பெண் ஏறியிருக்கிறான். அதற்கு அவனைத் தட்டிக்கொடுத்தீர்களா? கடிதத்தில் அந்த வரி இல்லை, அதனால் கேட்கிறேன்.

2021 முதல் பிஎஸ்எல்இயில் மதிப்பெண் அப்படியே வருவதில்லை, ஏஎல் என்ற படிகளாகத்தான் வருகிறது. ஏஎல் 6 என்பது 45-இலிருந்து 64 வரை. உங்கள் மகனின் 52, 58, 61 மூன்றும் அதற்குள்ளேயே அடங்குகின்றன. பையன் மூச்சு வாங்க ஏறியிருக்கிறான், சான்றிதழில் ஓர் எழுத்துகூட மாறாது. 65 வந்துவிட்டால் ஏஎல் 5. அது 74 வரை. அதாவது அடுத்த நான்கு மதிப்பெண்ணில் படி மாறுகிறது, அதற்கப்புறம் வரும் ஒன்பது மதிப்பெண்ணுக்கு மறுபடி ஒன்றும் மாறாது.

ஆகவே "இந்த வேகம் போதுமா" என்றால், எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். 75-க்கு என்றால் போதாது. சில வாரத்தில் 14 மதிப்பெண் கேட்பது குழந்தைக்குச் செய்கிற அநியாயம். 65-க்கு என்றால் தாராளமாகப் போதும். ஏஎல் 5-க்கு இன்னொரு பலனும் உண்டு. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்கிறவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் கிடையாது, பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலைகள், ஜி3-தான் உயர்ந்தது. மொத்தப் புள்ளி எப்படி வந்திருந்தாலும், கணிதத்தில் ஏஎல் 5 இருந்தால் அந்தப் பாடத்தை மட்டும் ஜி3 நிலையில் எடுக்க வழி இருக்கிறது.

அந்த நான்கு மதிப்பெண் எங்கே இருக்கிறது? இரண்டாவது டியூஷனில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. முன்னோட்டத் தேர்வுத் தாளை ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து விரியுங்கள். கடைசிப் பக்கத்துக் கடினமான பிரச்சினைக் கணக்குகளை விட்டுவிடுங்கள். கால்குலேட்டர் இல்லாத முதல் தாளில் தெரிந்தே விட்டவை எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். செண்டிமீட்டர் போட மறந்தது, கேள்வி "மிச்சம்" கேட்க இவன் "செலவு" எழுதியது, கழித்தலில் கடன் வாங்க மறந்தது. நான் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த தாள்களில் நான்கு மதிப்பெண் அந்த மாதிரி இடங்களில் சும்மா விழுந்து கிடந்திருக்கிறது. இரண்டாவது டியூஷனுக்குப் போகிற நேரத்தில் பிள்ளை தூங்கட்டும்.

படிக்கட்டு விஷயத்தை மகனிடமும் வரைந்து காட்டுங்கள். "இவ்வளவு படிச்சும் அதே ஏஎல் 6-தானா" என்று பிள்ளைகள் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். 61 என்பது படிக்கு நான்கு விரற்கடை கீழே என்று தெரிந்தால் அவனே தாவிப் பிடிப்பான். பிடிக்காவிட்டாலும், 52-இலிருந்து 61-க்கு வந்த கணிதம் உயர்நிலைக்கும் அவனோடுதான் வரும். அங்கே நன்றாகச் செய்தால் நடுவிலும் நிலை மாறலாம்.

அக்கா வணக்கம். நான் துவாஸ் பக்கம் தங்கும் விடுதியில் இருக்கிறேன், கட்டுமான வேலை. சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்று ஆசை. தினமும் ஐந்து ஆங்கிலச் சொல் நோட்டில் எழுதிப் படிக்கிறேன். ஒரு வருடம் ஆகிவிட்டது. மேலாளர் முன்னால் நின்றால் வாயில் ஒன்றும் வரவில்லை.
— துவாஸ் வாசகர்

தம்பி, பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு நோட்டைத் திறக்கிற கைக்கு முதலில் ஒரு வணக்கம்.

நாளுக்கு ஐந்து என்றால் வருடத்துக்கு 1,825 சொல். நோட்டில் இருக்கும், தலையில் இருக்காது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன் ஞாபகத்தையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விடுவதைக் கண்டார். பொருளுள்ள சொல் அதைவிட நன்றாகவே நிற்கும். ஆனாலும் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் போய்விடும். பொங்கோல் வாசகிக்கு நேற்றுத் தேறியது இன்றும் இருக்கிறது. உங்களுக்கு நேற்றுப் படித்தது இன்று ஒழுகிவிடுகிறது. ஒழுகுகிற இடத்தில் மெதுவாக ஊற்றினால் நிறையவே நிறையாது.

புதுச்சொல்லை நாளுக்கு இரண்டாகக் குறையுங்கள். மிச்ச நேரத்தில் நேற்றையது, மூன்று நாள் முந்தையது, போன வாரத்தது என்று பழைய பக்கங்களைத் தமிழ் அர்த்தத்தை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். சொல்லையும் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள், சைட்டிலிருந்து எடுங்கள். பெர்மிட், லிஃப்டிங், ஹார்னஸ், ஸ்காஃபோல்டிங், பாரிகேட். இவற்றைச் சேர்த்து நாளுக்கு ஒரு முழு வாக்கியம்.

காலையில் வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் நடக்கும் இல்லையா? இரண்டு நிமிடம் அதில் நீங்கள் பேசுகிறேன் என்று கேளுங்கள். "இன்றைக்கு எங்கே கிரேன் வேலை, எந்தப் பக்கம் போகக்கூடாது" அவ்வளவு போதும். முதல் வாரம் சிரிப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் வங்காளதேசத்து நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தை விட்டால் வழியில்லை. இலக்கணம் தப்பினால் அவரும் கண்டுபிடிக்கமாட்டார், தைரியமாகப் பேசலாம்.

கடன் அட்டையில் 10,000 வெள்ளி நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வருகிறேன். சிறுகச் சிறுக அடைந்துவிடும்தானே?
— செங்காங் வாசகர்

அடையாது. இந்த மாதம் வந்த கேள்விகளில் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தது இது ஒன்றுக்குத்தான்.

வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடு, குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அட்டையின் கணக்கு இதையொட்டித்தான் இருக்கும். இந்த மாதம் நீங்கள் கட்டுவது 300 வெள்ளி. அதில் ஏறக்குறைய 217 வெள்ளி வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 83. பாக்கி குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் குறையும், அதனால் வேகம் இன்னும் படுத்துவிடும். புதிதாக ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் இருந்தாலும் 10,000 என்பது 5,000 ஆக ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது 18,000 வெள்ளி. அதில் 13,000 வட்டி.

அதே கடனுக்கு மாதம் 500 வெள்ளி என்று நிலையாகக் கட்டினால் 27 மாதத்தில் முடிந்துவிடும். வட்டி ஏறக்குறைய 3,250. 300-க்கும் 500-க்கும் இடையே 200 வெள்ளிதான் வித்தியாசம், அந்த 200 முழுதாக அசலில் விழுகிறது என்பதுதான் விஷயம். எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். தீபாவளி போனஸ், சந்தா செயலிகள், வார இறுதி கிராப் சவாரி, எதுவானாலும் சரி. வட்டி குறைந்த தனிநபர் கடனுக்கு மாற்ற முடியுமா என்றும் வங்கியில் கேளுங்கள். அட்டையைக் கணவரிடமோ மனைவியிடமோ கொடுத்துவையுங்கள். கடன் மொத்தம் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தால் 2017-இல் வந்த கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் இருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்புக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

சிறுகதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவர ஆசை. தேதி வைத்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. அதனால் தேதி வைக்காமல், தோன்றும்போது எழுதுகிறேன். பெரிய காரியத்துக்குக் காலக்கெடு அவசியமா?
— தெம்பனிஸ் வாசகி

1977-இல் சிங்கப்பூர் ஆற்றுப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கும். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். பத்து ஆண்டு என்பது நிதானமான வேகம்தான். ஆனால் அதற்குள் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளை எடுத்தார்கள். தெருவோர வியாபாரிகளை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். 1983-இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அடிச்சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். 1987-இல் வேலை முடிந்தது. "முடிந்தபோது சுத்தம் செய்வோம்" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் ஒரு குழு கூடிப் பேசிக்கொண்டிருக்கும்.

உங்களுக்குப் பத்து ஆண்டே வைத்துக்கொள்ளுங்கள், பயம் இருக்காது. ஆனால் கதைக்குத் தனித்தனியாகத் தேதி வேண்டும். அதை நீங்களே வைத்தால் நீங்களே தள்ளிப்போடுவீர்கள், எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். தங்கமுனை விருது மாதிரிப் போட்டிகளுக்கு அனுப்புங்கள். பரிசு வருகிறதோ இல்லையோ, கடைசித் தேதி அன்று கதை ஒன்று முடிந்திருக்கும்.

மாதம் 500 வெள்ளி கார் வாங்கச் சேர்க்கிறேன். என்றைக்காவது வாங்கிவிடலாமா அக்கா?
— ஈசூன் வாசகர்

2020-இன் தொடக்கத்தில் சிறிய காருக்கான சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், 40,000 வெள்ளிக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் 106,000. அந்தக் காலம் முழுக்க நீங்கள் சேர்த்திருந்தால் கையில் ஏறக்குறைய 22,000 இருந்திருக்கும், காகிதத்தின் விலை மட்டும் 66,000-க்கு மேல் ஏறியிருக்கும். சிஓஇ இறங்கவும் செய்யும், ஆனால் எப்போது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் நானே கார் வைத்திருப்பேன். வாங்கினாலும் பத்து ஆண்டில் அந்தக் காகிதம் காலாவதி.

500 வெள்ளியை வேறு எதற்காவது சேருங்கள். கார் ஆசை அடங்கவில்லை என்றால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் தேக்காவில் நிறுத்த இடம் தேடிப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று எனக்கு எழுதுங்கள்.